கலை இன்ஸ்டலேஷன் எப்போது முடிந்தது என்று எப்படித் தீர்மானிப்பது?

ஆங்கர்போல்ட் கேட்டது:

வணக்கம். நான் பம்ப், மோட்டார், கம்ப்ரசர் பொருத்தும் வேலையில் இருப்பவன். எங்கள் தொழிலில் வேலை எங்கே முடிகிறது என்பதில் குழப்பமே கிடையாது. அடித்தளத்தைப் பார்ப்போம், இயந்திரம் உட்காரும் பேஸ்பிளேட்டுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை வைத்து லெவல் எடுப்போம், இடைவெளியை நிரப்பும் கிரவுட் கலவையை ஊற்றுவோம். கிரவுட் இறுகியதும் மோட்டாரின் ஒவ்வொரு கால் போல்ட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்தி, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்போம். 0.05 மி.மீ.க்கு மேல் எழுந்தால் அந்தக் கால் சரியாக உட்காரவில்லை. அதை அப்படியே இறுக்கினால் மோட்டாரின் உடம்பே முறுக்கிக்கொள்ளும், பேரிங் சீக்கிரம் போய்விடும். அப்புறம் மோட்டாரைப் பம்போடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஒரு நொடி போட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்போம். கடைசியில் முழு லோடில் ஓட்டி அதிர்வு, சூடு, ஆம்பியர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

இப்போது ஒரு கலைஞர் தன் இன்ஸ்டலேஷனை, அதாவது ஒரு கூடத்தில் பொருத்தி அமைக்கும் கலைப்படைப்பை, பொருத்தித் தரக் கூப்பிட்டிருக்கிறார். மெல்லிய செம்புத் தகடுகள், கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கும். ஆள் பக்கத்தில் வந்தால் சென்சார் உணர்ந்து சின்ன மோட்டார்கள் கம்பிகளை அதிரவைக்கும், தகடுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் எழுப்பும். கூரையின் தாங்குதிறன், ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டாவது பாதுகாப்புக் கம்பி, வயரிங், எர்த்திங் எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம், அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் வரைபடத்தில் உயரத்துக்கான அளவே இல்லை. "மூச்சு விடுவதுபோல் இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அளவு இல்லாத வேலைக்கு முடிந்தது என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? இந்தத் துறையில் இருப்பவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? ஏனோதானோ என்று செய்ய எனக்கு மனமில்லை.

---

பின்கட்டு எழுதியது:

காட்சிக்கூடத்தில் படைப்புகளைப் பொருத்துவதும் கழற்றுவதும்தான் என் வேலை. உங்கள் கேள்வியை எங்களில் பலர் திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரிதான் கேட்கிறோம். நீங்கள் வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டிருப்பது நல்ல விஷயம்.

கலைஞரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இதில் எது மாறினால் இது அவருடைய படைப்பாக இருக்காது? பதில் ஆளுக்கு ஆள் தலைகீழாக மாறும். அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் 1968 முதல் செய்த சுவர் ஓவியங்களில் படைப்பு என்பது அவர் எழுதிய குறிப்புதான். கோடு எங்கே தொடங்க வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று குறிப்பு சொல்லும், வேறு ஆட்கள் வரைவார்கள். காட்சி முடிந்ததும் சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு இன்னொரு ஊரில் மறுபடி வரையலாம். அவர் இறந்தது 2007இல். அதற்கு அடுத்த வருஷம் அமெரிக்காவின் மாஸ் மோக்கா அருங்காட்சியகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சுவர் ஓவியங்களை அப்படி வரைந்து திறந்தார்கள். சிற்பி ரிச்சர்ட் செர்ரா இதற்கு நேர் எதிர். நியூயார்க்கில் ஒரு அரசு அலுவலக வளாகத்தில் 1981இல் அவர் நிறுத்திய 120 அடி நீள எஃகுச் சுவரை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றபோது, இடத்தை விட்டு எடுப்பதே அதை அழிப்பதுதான் என்று வாதாடினார். 1989இல் அதை வெட்டி எடுத்துப்போனார்கள். எஃகு பத்திரமாக இருந்தது, படைப்பு போய்விட்டது. உங்கள் கலைஞர் இந்த இருவரில் யார் பக்கம் நிற்கிறார் என்று தெரியாமல் ஒரு ஆங்கரைக்கூட அடிக்காதீர்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் போன பிறகு இதை யார், எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? வால்டர் டி மரியா என்ற கலைஞர் 1977இல் நியூயார்க்கில் ஒரு மாடி அறை முழுக்க 56 செ.மீ. உயரத்துக்கு மண்ணைப் பரப்பினார். ஏறக்குறைய 127 டன் மண், இன்றைக்கும் அதே அறையில் கிடக்கிறது. பார்க்க வருபவருக்கு அது சும்மா மண்தான். ஆனால் அதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், வாரி விட வேண்டும், முளைப்பவற்றைப் பிடுங்க வேண்டும். இத்தனை வருஷமாக யாரோ ஒருவர் அதைச் செய்துகொண்டே இருக்கிறார். என்னைக் கேட்டால் அந்தப் பராமரிப்பு ஆளும் இன்ஸ்டலேஷனில் ஒரு பகுதிதான்.

உங்கள் வேலையில் மோட்டார் இருப்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். தென்கொரியாவில் 'நாம் ஜூன் பைக்' என்ற கலைஞர் 1988இல் 1,003 டி.வி. பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கினார். படக்குழாய்கள் ஒவ்வொன்றாகப் போக, 2018இல் அதை நிறுத்த வேண்டி வந்தது. பழைய டி.வி.க்களைத் தேடிப் பிடித்தும், மேலே இருந்த சின்னவற்றில் தட்டைத் திரைகளைப் பொருத்தியும் 2022இல் மறுபடி ஓடவைத்தார்கள். சென்சாரும் மோட்டாரும் இப்போது கிடைக்கிற மாடல். அது சந்தையில் இல்லாமல் போனால் வேறு மோட்டார் போடலாமா, சத்தம் மாறினால் பரவாயில்லையா? இந்தக் கேள்விகளைக் கலைஞரிடம் இன்றே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் "மூச்சு விடுவதுபோல்". அதற்கு மில்லிமீட்டர் கிடையாது, ஆனால் சோதனை உண்டு. நாலு தகடுகளை மட்டும் தொங்கவிட்டு, கலைஞரை அந்தக் கூடத்திலேயே நிறுத்தி, வேகத்தையும் உயரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். சரி என்று அவர் சொல்கிற இடத்தில் உங்கள் டயலில் என்ன இருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவும் எடுத்து வையுங்கள். உங்கள் அளவு அங்கேதான் கிடைக்கும்.

---

சாய்மேடை எழுதியது:

நான் இன்ஸ்டலேஷன் செய்யும் கலைஞர், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். ஒரு காட்சியில் என் சிற்பத்தின் மேடையை வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து வடிவமைத்திருந்தேன். பார்ப்பவர் காலடியில் ஒரு நிலைகொள்ளாமை வரட்டும் என்பதற்காக. பொருத்தியவர் நல்ல வேலைக்காரர், ஸ்பிரிட் லெவல் வைத்து அதை அழகாக நேராக்கிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது திறப்புக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. மனசு உடைந்துவிட்டது.

அதனால் கோணலாகத் தெரிவதை எல்லாம் கலைஞரிடம் கேட்காமல் சரிசெய்யாதீர்கள். தகடு ஒன்றில் நசுங்கல் இருந்தால் அது லாரியில் வந்ததா, அவர் கையால் வந்ததா என்று கேளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அவரிடம் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

---

சம்பிரதாயம் எழுதியது:

நான் பதவியேற்பு, பட்டமளிப்பு போன்ற விழாக்களை ஏற்பாடு செய்பவன். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும், ஆனால் ஒருவரைப் பதவியில் அமர்த்துவதையும் ஆங்கிலத்தில் இன்ஸ்டலேஷன் என்பார்கள், அதனால் பெயரளவில் எங்களுடையதும் இன்ஸ்டலேஷன்தான், நாங்களும் இதே இடத்தில் திண்டாடுகிறோம்.

ஒருவர் பதவியில் அமர்வதும் அதை ஊருக்குக் காட்டுவதும் பெரும்பாலும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. போப் 14ஆம் லியோ 2025 மே 8 அன்று தேர்வானார். தேர்வை ஏற்றுக்கொண்ட நொடியிலேயே அவர் போப். மோதிரமும் தோள்துகிலும் அணிவித்த திருப்பலி நடந்தது மே 18 அன்று. அமெரிக்காவில் ஜனவரி 20 நண்பகலில் பழைய அதிபரின் காலம் முடிந்து புதியவருடையது தொடங்கிவிடும், அதைச் சொல்வது அரசியலமைப்பு. 2009இல் ஒபாமாவின் உறுதிமொழியில் சொற்கள் இடம் மாறிவிட்டன. எந்தச் சந்தேகமும் இருக்கக் கூடாது என்று அடுத்த நாள் வெள்ளை மாளிகையில் தலைமை நீதிபதி முன்னிலையில் மறுபடி எடுத்துக்கொண்டார். கூட்டம் இல்லை, மேடை இல்லை. எனக்கு அந்த இரண்டாவது நாள்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு காரியம் முறையாக முடிய வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது, திறப்பு விழாத் தேதியை ஒப்படைப்புத் தேதியாக ஒப்பந்தத்தில் எழுதவிடாதீர்கள். ரிப்பன் வெட்டும்போது ஒரு சென்சார் சண்டித்தனம் செய்தால்கூட எல்லாரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் பொறுப்பு எப்போது முடிகிறது, பராமரிப்பவரின் பொறுப்பு எப்போது தொடங்குகிறது என்பதைத் தனித் தாளில் தனித் தேதியோடு எழுதுங்கள்.

---

ஆங்கர்போல்ட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று கலைஞரோடு பேசினேன். எது மாறினால் இது உங்கள் படைப்பாக இருக்காது என்று கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சத்தம்" என்றார். உயரம், தகடுகளின் வரிசை, கூடம் எல்லாம் மாறலாமாம். தகடுகள் உரசும் சத்தம் ஆள் நெருங்க நெருங்கக் குறைய வேண்டுமாம், கூடக்கூடாதாம். நான் நேர்மாறாக அல்லவா நினைத்திருந்தேன்! சென்சார் கன்ட்ரோலரை அப்படித்தான் செட் செய்ய இருந்தேன்.

இனி என் படிவத்தில் ஆம்பியர், சூடு வரிசைக்குக் கீழே சத்தத்துக்கும் ஒரு வரிசை சேர்க்கிறேன். வாசலில் எவ்வளவு, நடுவில் எவ்வளவு, கைக்கெட்டும் தூரத்தில் எவ்வளவு என்று டெசிபல் மீட்டர் வைத்து எடுப்பேன். ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. கூடத்தில் ஆள் நிறைந்துவிட்டால் எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் உணரும், மொத்தமும் அமைதியாகிவிடும். அது பழுதா, படைப்பா?

---

பின்கட்டு எழுதியது:

அதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், நானும் சொல்ல மாட்டேன். ஆட்களைக் கூட்டி ஒரு ஒத்திகை போட்டு, கலைஞரைக் கேட்க வையுங்கள். அவர் என்ன சொன்னாலும் பராமரிப்புக் குறிப்பின் முதல் வரியாக அதை எழுதுங்கள். கூட்டமான நாளில் கண்ட்ரோல் பாக்ஸைத் திறக்க ஸ்க்ரூடிரைவரோடு ஓடி வரும் ஆளுக்கு முதலில் கண்ணில் பட வேண்டியது அந்த வரிதான்.