2012-க்கு முன் வெட்டிய மேலூர் காஷ்மீர் ஒயிட் கல் ஒரு துண்டு வேண்டும்

வீட்டு முன்திண்ணையில் இருந்த காஷ்மீர் ஒயிட் கிரானைட் பலகை ஒன்று இரண்டாக உடைந்துவிட்டது, பின்னால் எடுத்த மினி லாரி இடித்ததில். அதற்குப் பொருந்தும் கல் எங்கேயும் கிடைக்கவில்லை. பெயர்தான் காஷ்மீர், கல் நம்ம மதுரை மேலூர்க் கல். கீழவளவு பக்கம் ஒரு சின்னக் குவாரியில் வெட்டியது, 2009-இல் பதித்தோம். 2012-இல் கிரானைட் முறைகேடு விவகாரம் வெடித்து மேலூர்ப் பகுதிக் குவாரிகளை மூடியபோது அதுவும் நின்றுபோனது, இப்போது பள்ளம் முழுக்கத் தண்ணீர்.

அளவு 6 அடிக்கு 2 அடி, கனம் 18 மி.மீ., முன் விளிம்பு அரைவட்டம். அடிநிறம் பால் வெள்ளை, அதில் கடுகு அளவுக்குக் கருஞ்சிவப்புக் கார்னெட் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும்.

மதுரையில் பெரிய கடைகள் எல்லாம் பார்த்தாச்சு. அதே பெயரில் காட்டுவது சாம்பல் அடித்த கல், புள்ளியும் அங்கொன்று இங்கொன்று. ஒருவர் விஸ்கான் ஒயிட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்றார், அதில் அலை அலையாகக் கோடு ஓடும், பக்கத்துப் பலகையோடு சேரவே சேராது. எபாக்சி போட்டு ஒட்டியும் பார்த்தோம், ஒட்டிக்கொண்டது, ஆனால் வெயில் பட்டுப் பட்டு அந்தக் கோடு மஞ்சளாகிவிட்டது. திண்ணை முழுக்க மாற்றுவது கடைசி வழி, அதற்கு மனசில்லை.

மேலூர், கீழவளவு, திருவாதவூர் பக்கம் பாலிஷ் பட்டறையிலோ யார் வீட்டுக் கொல்லையிலோ அந்தக் காலத்து மிச்சப் பலகை கிடப்பது யாருக்காவது தெரியுமா?