பி.எம். கிசான் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ்: வரியே கட்டாதவனும் கட்ட வேண்டுமா?

கேள்வி கேட்டவர்: உளுந்துக்காடு

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டத்தில் ஒன்றேகால் ஏக்கர், என் பெயரில் தனிப்பட்டா. ஒரு போகம் நெல், அப்புறம் உளுந்து. கூடவே ஊரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு லோன் வேண்டும் என்றபோது வங்கியில் வருமான வரி ரிட்டர்ன் (வருமானக் கணக்கு) கேட்டார்கள், ஆடிட்டரிடம் கொடுத்துத் தாக்கல் செய்தேன். கட்டவேண்டிய வரி சைபர்.

பி.எம். கிசான், அதாவது நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணையாகத் தரும் உதவிப் பணம், எனக்கும் வந்துகொண்டிருந்தது. இப்போது வேளாண் அலுவலகத்திலிருந்து கடிதம். 'வருமான வரி செலுத்துபவர் என்பதால் தகுதியில்லை, பெற்ற 14,000 ரூபாயைத் திருப்பிச் செலுத்தவும்' என்கிறார்கள். தொகை என்னால் கட்ட முடியாதது இல்லை. ஆனால் கட்டினால் நான் அரசை ஏமாற்றினேன் என்று ஆகிவிடாதா? கட்டாவிட்டால் போலீஸ், கேஸ் என்று போகுமா? 2020-இல் எங்கள் பக்கம் நடந்ததை எல்லாம் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன்.

பதில்: நேர்வழி

கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். 14,000-க்காக நாலு தடவை ஆபீசுக்கு அலைந்தால் கடையில் அதைவிட அதிகம் போய்விடும். தகுதி இல்லாதவன் எல்லாம் வாங்கித்தான் தமிழ்நாட்டு மானம் போச்சு. அரசு கண்டிப்பாக இருப்பதில் என்ன தப்பு?

பதில்: ஓய்வுபெற்ற ஏ.ஏ.ஓ.

உளுந்துக்காடு, அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். நான் உதவி வேளாண்மை அலுவலராக இருந்தவன். இந்த மாதிரி நோட்டீசை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கவேண்டிய வசவையெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

விதியில் இருப்பது, கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவருக்கு இந்தத் தொகை கிடையாது என்பது. கணக்கு தாக்கல் செய்வது வேறு, வரி கட்டுவது வேறு. வருமான வரித்துறை தரும் விவரத்தை ஆதார் எண்ணோடு ஒப்பிட்டுப் பட்டியல் எடுக்கிறார்கள். எங்கள் மேசைக்கு வந்த பட்டியலில் பெயர், ஊர், தவணைத் தொகை இவ்வளவுதான் இருந்தது. ஒருவர் எவ்வளவு வரி கட்டினார், கட்டினாரா என்று பார்க்க எங்களுக்கு வழியே இல்லை. மேலிருந்து வசூல் எவ்வளவு என்று மட்டும் தினமும் கேட்பார்கள்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: வரித்துறை இணையதளத்தில் நுழைந்து, தவணை வாங்கிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 143(1) பிரிவில் வந்த அறிவிப்பை, அதாவது உங்கள் ரிட்டர்னைச் சரிபார்த்து வரித்துறை அனுப்பியதை, இறக்கிக்கொள்ளுங்கள். வரி சைபர் என்று அதிலேயே இருக்கும். டெபாசிட் வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடித்த வரி (டி.டி.எஸ்.) இருந்து அது ரீபண்டாகத் திரும்பி வந்திருந்தால் அந்தக் காகிதமும் வேண்டும். சிட்டா நகலும் சேர்த்து, வேளாண்மை உதவி இயக்குநர் பெயருக்கு மனு எழுதி நேரில் கொடுங்கள். உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஏதாவது ஒரு ஆண்டு வரி கட்டியிருந்தால், அந்த ஆண்டுக்கு உரியதைக் கட்டத்தான் வேண்டும்.

கேஸ் பயம் வேண்டாம். 2020-இல் நடந்தது வேறு. கொரோனா நேரத்தில் விவசாயிகள் தாங்களே பதிவு செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். நிலம் இருக்கிறதா என்று வி.ஏ.ஓ. பார்த்துச் சொல்லும் கட்டம் காணாமல் போனது. அலுவலக லாகினும் பாஸ்வேர்டும் தனியார் கம்ப்யூட்டர் சென்டர்கள் வரை போய்விட்டன. ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் ராத்திரியோடு ராத்திரியாக விவசாயி ஆனார்கள். சுமார் ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடியே சொன்னார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம்தான் அதிகம். சி.பி.சி.ஐ.டி. விசாரித்து புரோக்கர்களைக் கைது செய்தது, 80 பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதில் பாஸ்வேர்டு விற்றவன் குற்றவாளி. உங்கள் விஷயம் வெறும் கணக்குச் சரிபார்ப்பு. இரண்டுக்கும் ஒரே மாதிரி மிரட்டும் கடிதம் அனுப்புவதுதான் எனக்குக் கடைசிவரை ஒப்பவில்லை.

பதில்: கள்ளக்குறிச்சி மகள்

நேர்வழி சொல்வதைப் படித்ததும் எரிச்சல் வந்தது. என் அம்மாவுக்கு நிலம் கிடையாது, கூலி வேலைதான். கொரோனா நிவாரணம் வருது என்று சொல்லி ஒருத்தர் தெருவில் எல்லோரிடமும் ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போனார். 4,000 வந்தது, அதில் பாதியை அவரே வாங்கிக்கொண்டார். மோசடி என்று பேப்பரில் வந்தபிறகு கணக்கை முடக்கிவிட்டார்கள். நூறு நாள் வேலைக் கூலியும் அதே கணக்கில்தான் வரும், அதுவும் மாட்டிக்கொண்டது. கடைசியில் முழு 4,000-ஐயும் அம்மாதான் கட்டினார். வாங்கியது 2,000. அந்த ஆள் இன்னமும் ஊரில் பைக்கில் போய்க்கொண்டிருக்கிறார்.

பணத்தைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. யாரிடம் போயிருக்கிறதோ அவரிடமும் எடுங்கள் என்கிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஏ.ஏ.ஓ.

அம்மா, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நடந்தது. வங்கிக் கணக்கிலிருந்து எடுப்பது சுலபம், கமிஷனுக்குத்தான் ரசீது கிடையாதே. இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமில்லை. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கில், நாடு முழுக்க 42 லட்சத்துக்கு மேல் தகுதியில்லாதவர்கள், வசூலிக்கவேண்டியது 2,992 கோடி. முதலிடம் அசாம். இத்தனை பேருமா திட்டம் போட்டுத் திருடினார்கள்? நிறையப் பேருக்கு விதியே தெரியாது. அப்புறம்தான் இ-கே.ஒய்.சி. (ஆதார் மூலம் ஆளைச் சரிபார்ப்பது), நில ஆவண இணைப்பு எல்லாம் கட்டாயமாக்கினார்கள். முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை.

பதில்: நேர்வழி

சரி சார், என் வார்த்தை கடுமையாக இருந்தால் விடுங்கள். ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனிப் பட்டா. இரண்டு பேருக்கும் தவணை வருகிறது. நிலம் உண்மையாகவே இருக்கிறது, விவசாயமும் செய்கிறார்கள். அதில் பிரச்சினை இல்லையே?

பதில்: ஓய்வுபெற்ற ஏ.ஏ.ஓ.

இருக்கிறது. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள், இது ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு வருடம் 6,000தான், பட்டா எத்தனை இருந்தாலும். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். திட்டத்தின் இணையதளத்திலேயே பணத்தைத் திருப்பிச் செலுத்த வழி இருக்கிறது, ரசீதை மறக்காமல் அச்செடுத்து வையுங்கள். அப்பா பெயரை விடுவதா அம்மா பெயரை விடுவதா என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், அம்மா கணக்கில் வரட்டும்.