புதுப்பிப்பு: ஹிட்டாச்சி ட்ரில் எங்கே போனது?
திருகோணமலைக் கடைகளில் ஹிட்டாச்சி ட்ரில் (துளையிடும் மின்கருவி) ஏன் காணாமற் போனது, பழையதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என்று முன்னர் கேட்டிருந்தேன். இப்போது விடை தெளிவாகிவிட்டது. ஹிட்டாச்சி கோக்கி நிறுவனத்தை 2017இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான கேகேஆர் வாங்கியதையடுத்து, 2018இல் அதன் கருவிகள் ஹைகோக்கி என்ற பெயருக்கு மாறின; உற்பத்தி தொடர்கிறது. மத்திய வீதியில் கருவி திருத்தும் அண்ணரும் இதை உறுதிப்படுத்தி, மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தித் தேய்ந்துபோகும் சிறு பாகம்) எடுக்கலாம் என்றார். இதைவிட என்னை வியக்கவைத்தது, வெவ்வேறு போட்டியாளர்கள் என நான் எண்ணியிருந்த டிவால்ட், ஸ்டான்லி என்ற இரு கருவி வர்த்தகப் பெயர்களும் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற ஒரே நிறுவனத்துக்கு உரியவை என்பதே. 1915இல் ஜப்பானின் நகோயாவில் தொடங்கிய மக்கிட்டா என்ற கருவி நிறுவனமோ இன்றும் தனி நிறுவனமாகவே இயங்குகிறது. கடற்காற்றில் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும் நம் ஊரில் உதிரிப்பாகமே முக்கியம் என்பதால், புதியது வாங்காமல் பழைய ட்ரில்லையே திருத்தக் கொடுத்துள்ளேன்.