பெயர் தெரியாத சாக்ஸபோனை இணையத்தில் வாங்கலாமா?

தலவாக்கலை ஆல்டோ:
தோட்டத்து பேண்ட் செட்டில் வாசிக்கிறேன். கையில் இருப்பது இரவல் வாத்தியம், திருவிழா முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இணையக் கடையொன்றில் நான் கேள்விப்படாத பெயரில் ஓர் ஆல்டோ சாக்ஸபோன் பார்த்தேன். புது யமஹா வைஏஎஸ்-280 விலையில் கால்வாசிதான். பெட்டி, மவுத்பீஸ், கையுறை எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். வாங்கலாமா?

பண்டாரவளை டெனர்:
வேண்டாம் தம்பி. இந்த மாதிரி வாத்தியங்களில் துளைகளை மூடித் திறக்கிற கீகளைச் செய்கிற உலோகம் பெரும்பாலும் மென்மை. இறுக்கிப் பிடித்து வாசித்தாலே வளையும். கீ வளைந்தால் அதன் அடியில் இருக்கிற மெத்தை, அதாவது பேட், துளைமேல் சரியாக உட்காராது, காற்று கசியும். முதலில் நன்றாகத்தான் பேசும், கொஞ்ச நாள் போனால் கீழ்ச் சுரங்கள் வராது. நம் மலைப்பக்கத்தில் சாக்ஸபோன் பழுதுபார்க்கத் தெரிந்த பாஸை எங்கே தேடுவீர்கள்? கொழும்புக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கேயும் தெரியாத மாடல் என்றால் சாமான் இல்லை என்று கையை விரிப்பார்கள். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்துப் பழைய யமஹா வைஏஎஸ்-23 தேடுங்கள்.

கொட்டகலை மாஸ்டர்:
பெயர் தெரியாது என்பதற்காகவே ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். 1920களிலேயே அமெரிக்காவின் எல்கார்ட் நகரில் கான் கம்பெனி செய்த சாக்ஸபோன்கள் வேறு கடைகளின் பெயரைப் பொறித்துக்கொண்டு விற்பனைக்குப் போயின. இன்று சீனாவின் தியான்ஜின் பக்கத்துத் தொழிற்சாலைகளும் அதைத்தான் செய்கின்றன. கேட்கிற பெயரைப் பொறித்துக் கொடுப்பார்கள். அதனால் பெயரை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, வாத்தியத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிற அம்மாவின் சம்பளத்தில் யமஹா வாங்க முடியாத பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் வாசிக்காதே என்றா சொல்வது?

பண்டாரவளை டெனர்:
மாஸ்டர், என் பயமே அங்கேதான். ஒரே தொழிற்சாலை, கொடுக்கிற காசுக்கு ஏற்ப ஒன்றை ஒழுங்காகச் சரிபார்த்து அனுப்பும், இன்னொன்றை அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பும். வாத்தியத்தைப் பார்க்கச் சொல்கிறீர்கள், சரி. இணையத்தில் வாங்குகிறவர் எதைப் பார்ப்பார்? படத்தில் பளபளப்பு தெரியும், கசிவு தெரியாது.

கொட்டகலை மாஸ்டர்:
திருப்பி எடுக்கிற கடையாக இருந்தால் வந்தபிறகு பார்க்கலாமே. வெசாக் கூட்டுக்குள் போடுகிற எல்ஈடி விளக்குச் சரம் போதும். சாக்ஸபோனின் கழுத்தை, அதாவது மவுத்பீஸ் மாட்டுகிற வளைந்த குழாயைக் கழற்றிவிட்டு, இருட்டறையில் மேல்பக்கமாகச் சரத்தை உள்ளே இறக்குங்கள். ஒவ்வொரு கீயாக மெதுவாக மூடுங்கள். அழுத்தவே கூடாது, அழுத்தினால் கெட்ட பேடும் மூடிக்கொள்ளும். ஓரத்தில் நூல் போல வெளிச்சம் தெரிகிற இடத்தில் கசிகிறது. ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் பேடைச் சூடாக்கி உட்கார வைக்கலாம். சுற்றிலும் விட்டுவிட்டுத் தெரிந்தால் துளையின் விளிம்பே மேடுபள்ளமாக இருக்கும், அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அப்புறம் நீளக் கம்பியில் ஓடுகிற கீகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடக்கூடாது. கடைசியாகக் கீழ் பி-ஃபிளாட், எல்லாத் துளைகளையும் மூடி ஊதுகிற ஆகக் கீழ்ச் சுரம். அது மெல்ல ஊதியே வந்தால் மேலே எங்கும் பெரிய கசிவு இல்லை.

நுவரெலியா கொயர்:
எங்கள் தேவாலயத்துக்கு ஒருவர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். காலை ஆராதனையில் எலக்ட்ரிக் ஓர்கனோடு சேரவே இல்லை, சுருதி இறங்கியே நின்றது. டெனர் அண்ணன் சொல்வதுதான் சரி.

கொட்டகலை மாஸ்டர்:
அந்தப் பழியை வாத்தியத்தின் தலையில் போடாதீர்கள். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும், வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் இறங்கும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). உங்கள் ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 டிகிரியில் சுருதி சேர்த்த சாக்ஸபோன், 12 டிகிரியில் அரைச்சுரத்தின் கால்பங்கு அளவுக்கு இறங்கித்தான் நிற்கும். யமஹாவும் இறங்கும். நன்றாக ஊதிச் சூடாக்கி, மவுத்பீஸைக் கார்க்கில் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுச் சேருங்கள். அதற்குப் பிறகும் ஒரு சுரம் ஏறி, அடுத்தது இறங்கி நின்றால் அப்போது வாத்தியத்தைக் குறை சொல்லலாம்.

பண்டாரவளை டெனர்:
சுருதி விஷயத்தில் மாஸ்டர் சொல்வது உண்மை, எங்கள் பக்கமும் மார்கழியில் அதே பாடுதான். ஆனால் கூடவே வருகிற மவுத்பீஸை நம்ப முடியாது. யமஹா 4சி மவுத்பீஸ் ஒன்று வாங்க வேண்டும், அதில் கட்டுகிற நாணல் தகடு, நல்ல ரீட் வாங்க வேண்டும், பேட் சரிசெய்யக் கூலி கொடுக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் பழைய யமஹாவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிறகு விற்கப் போனால் யமஹாவுக்கு ஆள் வரும், இதற்கு வராது.

தலவாக்கலை ஆல்டோ:
கடையில் கேட்டேன். திருப்பி எடுக்க மாட்டார்களாம். வேண்டுமானால் வாசித்துக் காட்டி வீடியோ அனுப்புவார்களாம்.

கொட்டகலை மாஸ்டர்:
வரிசை எண்ணை முதலில் காட்டி, வெட்டாமல் ஒரே வீடியோவாக, கீழ் பி-ஃபிளாட்டிலிருந்து மேலே ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடையே வேண்டாம், திருப்பி எடுக்கிற வேறு கடையைப் பாருங்கள்.

பண்டாரவளை டெனர்:
வீடியோவில் உலோகம் மென்மையா என்று தெரியாது மாஸ்டர். தம்பி, பழையது பார்க்கக் கண்டிக்குப் போவதாக இருந்தால் சொல்லுங்கள். விளக்குச் சரத்தை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.