லா ஹே சேந்த் பண்ணை: 28 மி.மீ. வீரர்களுக்கு எந்த அளவில் கட்டுவது, எப்படி வண்ணம் தீட்டுவது?

பாசறைவாசி எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். 1815 ஜூன் 18 அன்று நடந்த வாட்டர்லூ போரில், நெப்போலியனை எதிர்த்த நேச நாட்டு அணிவரிசையின் நடுப்பகுதிக்கு முன்னால், பிரஸ்ஸல்ஸுக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த லா ஹே சேந்த் பண்ணையை மேசைப் போர் விளையாட்டுக்காகக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். அந்தப் பண்ணையை மேஜர் ஜார்ஜ் பேரிங் தலைமையில் காத்து நின்ற, பிரிட்டிஷ் படையின் ஜெர்மானியப் பிரிவான கிங்ஸ் ஜெர்மன் லீஜியனின் இரண்டாம் இலகு படைப்பிரிவுக்கு உரிய 28 மி.மீ. உயரமுள்ள சிறு உருவங்களும், தாக்க வரும் பிரெஞ்சுக் காலாட்படை உருவங்களும் என்னிடம் உள்ளன. மேசை ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்டது.

எனக்கு மூன்று ஐயங்கள். முதலாவது, 28 மி.மீ. உருவங்களுக்குப் பொருந்தும் 1:56 அளவில் (அதாவது உண்மையில் 56-இல் ஒரு பங்காக) பண்ணையைக் கட்டினால் மேசையில் வேறு எதற்கும் இடம் இருக்காது என்று தோன்றுகிறது. சிறிதாகக் கட்டினால் வீரர்கள் பூதங்களைப் போலத் தெரிவார்களோ என்று அஞ்சுகிறேன். இரண்டாவது, சுண்ணாம்பு அடித்த சுவரை வெள்ளை வண்ணத்தால் பூசிப் பார்த்தால் அது புதிதாக வாங்கிய அட்டைப் பெட்டியைப் போலவே நிற்கிறது. மூன்றாவது, இந்தப் படைப்பிரிவின் சீருடை கரும்பச்சை, அதன் மேல் வரும் தோல் வார்களோ கறுப்பு. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே இருட்டாகத் தெரிகிறது. நான் சென்னையில் இருப்பதால், ஈரப்பதத்தில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிப்பது பற்றியும் யாரேனும் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓட்டுக்கூரை எழுதிய மறுமொழி:

அளவைப் பற்றிய கேள்விக்கு முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் மேசை ஏறத்தாழ 183 செ.மீ. நீளமும் 122 செ.மீ. அகலமும் உடையது. அதை 1:56 அளவில் உண்மையான நிலமாகக் கருதினால் 102 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும்தான் வரும். பேரிங்கின் வீரர்கள் வைத்திருந்த பேக்கர் ரைஃபிள் தேர்ந்த கைகளில் அதைவிட நெடுந்தொலைவு குறி தவறாமல் சுடக்கூடியது. ஆக, நீங்கள் எந்த விதிநூலைப் பின்பற்றினாலும் நிலம் ஏற்கெனவே சுருக்கப்பட்டுவிட்டது; கட்டடத்தை மட்டும் சுருக்காமல் வைத்திருப்பதற்கு நியாயம் இல்லை.

சுருக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. 20 மீட்டர் நீளமுள்ள கட்டடம் 1:56 அளவில் 36 செ.மீ. இருக்கும், 1:72 அளவில் 28 செ.மீ.; 1:100 அளவில் 20 செ.மீ. தரையில் பிடிக்கும் இடத்தை 1:72 அல்லது 1:100 கணக்கில் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதவு, சன்னல், மதில் ஆகியவற்றின் உயரத்தை உருவங்களின் அளவிலேயே விட்டுவிடுங்கள். அடித்தட்டோடு (உருவம் நிற்கும் சிறு பீடம்) சேர்ந்த வீரன் கதவுக்குள் நுழையக்கூடியவனாகத் தெரிந்தால் போதும், கட்டடத்தின் நீளம் குறைந்திருப்பதைக் கண் பொருட்படுத்தாது. கதவுக்கு 40 மி.மீ. உயரமும், இரண்டு மீட்டர் மதிலுக்கு ஏறத்தாழ 36 மி.மீ. உயரமும் பொருத்தமாக இருக்கும். கூரையைக் கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள். உள்ளே வீரர்களை நிறுத்த முடியாத பண்ணையால் விளையாட்டில் பயனில்லை.

சுவரைப் பொறுத்தவரை, வெள்ளையிலிருந்து தொடங்கக் கூடாது என்பதே என் கருத்து. ஃபோம் போர்டின் (நுரை அடைத்த அட்டை) மேல் சிறிதளவு மெல்லிய மணலும் ஃபெவிகாலும் கலந்து பூசிச் சொரசொரப்பை உண்டாக்கிய பின், முழுச் சுவருக்கும் மண் கலந்த பழுப்புச் சாம்பல் நிறம் கொடுங்கள். ஆங்காங்கே செங்கல் நிறத்தைப் பஞ்சால் ஒற்றி வையுங்கள். அது உலர்ந்ததும், தந்த நிறத்தை அகலத் தூரிகையில் எடுத்து, காகிதத்தில் துடைத்து, ஏறத்தாழ உலர்ந்த நிலையில் மேலிருந்து கீழாக இழுங்கள். தூய வெள்ளை கடைசியில், மதிலின் மேல் விளிம்பிலும் மூலைகளிலும் மட்டும் வரட்டும். தரையை ஒட்டிய இரண்டு விரல் உயரத்துக்கு ஈரக்கறை தேவை. போருக்கு முந்தைய இரவு முழுவதும் பெருமழை கொட்டியது. அந்தச் சேறு சுவரில் மட்டுமல்லாமல் வீரர்களின் கால்சட்டை முழங்கால் வரையிலும் இருந்தாக வேண்டும். இதற்கெல்லாம் விலை உயர்ந்த மினியேச்சர் வண்ணங்களை வீணாக்காமல், எழுதுபொருள் கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக் புட்டிகளையே பயன்படுத்தலாம்.

ஓர் எச்சரிக்கை: ஃபோம் போர்டின் ஒரு பக்கத்தில் மட்டும் நீர்த்த வண்ணம் பூசினால் அது வளைந்துவிடும், எனவே உட்புறத்திலும் ஒரு பூச்சு கொடுங்கள். வெட்டிய விளிம்புகளில் ஃபோம் வெளியே தெரிந்தால் ஸ்ப்ரே பிரைமரில் உள்ள கரைப்பான் அதை அரித்துவிடும். அங்கெல்லாம் முதலில் ஃபெவிகால் தடவி மூடிவிடுங்கள்.

ஈயப்படை எழுதிய மறுமொழி:

மேலே நண்பர் அளவைப் பற்றிச் சொன்னதில் பாதியைத்தான் நான் ஏற்பேன். முழு வாட்டர்லூவையும் மேசையில் கொண்டுவருபவருக்கு அவருடைய வழி சரி. கேள்வி கேட்டவர் பண்ணையை மட்டும், அதுவும் பேரிங்கின் படைப்பிரிவை மட்டும் வைத்து விளையாட விரும்பினால், அங்கே பண்ணைதான் போர்க்களம். தொடக்கத்தில் ஏறத்தாழ 400 பேர் காத்து நின்றார்கள். பத்துப் பேருக்கு ஓர் உருவம் என்றால் 40 உருவங்கள். அவர்கள் முற்றத்திலிருந்து களஞ்சியத்துக்கும், வீட்டின் குறுகலான வழியாக வடக்கே உள்ள காய்கறித் தோட்டத்துக்கும் நகர வேண்டும். முற்றத்தை 1:100 அளவுக்குச் சுருக்கினால் 25 மி.மீ. அடித்தட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கட்டடங்களைச் சுருக்குங்கள், முற்றத்தைச் சுருக்காதீர்கள். தெற்கே உள்ள பழத்தோட்டத்தைப் பெயருக்கு நான்கு மரங்களாக வைத்தால் போதும்.

கட்டுபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் வேறு சில செய்திகளும் உண்டு. களஞ்சியத்தின் வயல் பக்கக் கதவு அன்று அங்கே இல்லை. முந்தைய இரவு மழையில் நனைந்த வீரர்கள் அதை உடைத்து விறகாக எரித்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பத் திரும்ப முட்டி மோதிய இடங்களில் அந்தத் திறப்பும் ஒன்று. அதேபோல், மதில் நெடுகிலும் வரிசையாகச் சுடுதுளைகள் வைப்பது அழகாக இருக்கலாம், ஆனால் அன்றைய நிலை அதுவன்று. படைப்பிரிவின் தச்சுப் பணியாளர்களை, அதே களத்தில் நேசப்படை காத்த மற்றோர் இடமான ஹூகுமோன் மாளிகைக்கு அனுப்பிவிட்டதால், துளையிடக் கருவிகளே போதிய அளவு இல்லை. ஆகவே சில துளைகள் மட்டும், அவையும் கோணல்மாணலாக இருக்கட்டும். பண்ணையை ஒட்டிய நெடுஞ்சாலையின் குறுக்கே வெட்டிப் போட்ட மரங்களாலான தடுப்பு ஒன்றையும் வையுங்கள்.

களஞ்சியத்தின் கூரை தீப்பற்றியபோது, உதவிக்கு வந்திருந்த, ஜெர்மனியின் நாசாவ் நாட்டு வீரர்களின் பெரிய சமையல் கெண்டிகளில் நீர் மொண்டு அணைத்தார்கள். எனவே கரிக்கறை வேண்டும், ஆனால் கூரை முழுவதும் வேண்டாம். புகை மேல்நோக்கிச் செல்வது என்பதால், திறப்புகளின் மேல் விளிம்பிலிருந்து தொடங்கி மேலே செல்லச் செல்ல மங்கும்படி, உலர்ந்த தூரிகையால் கருஞ்சாம்பலை இழுங்கள். வெறும் கறுப்பைப் பயன்படுத்தினால் மை கொட்டியதைப் போல இருக்கும்.

இனி கரும்பச்சை. பச்சையை வெளிறச் செய்ய வெள்ளையைக் கலக்காதீர்கள். அது சுண்ணாம்புப் பச்சையாகி, சீருடை போலன்றிப் பாசி போலத் தெரியும். காக்கியோ மங்கிய மஞ்சளோ கலந்து, தோள், முழங்கை, மடிப்புகளின் முகடு ஆகிய இடங்களில் மட்டும், நிஜத்தில் இருந்ததைவிட இரண்டு படி வெளிச்சமாகப் பூசுங்கள். கையில் எடுத்துப் பார்க்கும்போது மிகையாகத் தோன்றும். மேசையில் வைத்துவிட்டால் சரியாகிவிடும். நாம் இந்த உருவங்களை எப்போதும் மூன்றடித் தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்பதை மறந்துவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடிக்காக வண்ணம் தீட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் நாட்பட்ட நோய். கறுப்பு வார்களுக்கு மேல் விளிம்பில் நீலம் கலந்த சாம்பல் கோடு ஒன்று இழுத்தால் அவை பச்சையிலிருந்து பிரிந்து நிற்கும். சாம்பல் கால்சட்டையைத் துணிந்து வெளிறச் செய்யுங்கள். உருவத்தின் கீழ்ப்பாதி வெளிச்சமானால் மேல்பாதியின் இருட்டு குறையாகத் தெரியாது.

மேலும், பிற்பகலில் அதே லீஜியனின் ஐந்தாம் லைன் படைப்பிரிவின் இலகு கம்பெனியும் உதவிக்கு வந்தது, அவர்கள் செஞ்சட்டையினர். நான்கைந்து செஞ்சட்டை உருவங்களைப் பச்சைக் கூட்டத்துக்குள் நிறுத்தினால் காட்சியே மாறிவிடும், வரலாறும் பிழையாகாது.

பாசறைவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. கதவு எரிக்கப்பட்ட செய்தியை நான் அறிந்திருக்கவில்லை. அழகான இரட்டைக் கதவு ஒன்றைச் செய்து வைத்திருந்தேன், அது இனி சாலைப் பக்கத்து வாயிலுக்குப் போகும். முற்றத்தை 1:56 அளவிலும், கட்டடங்களை 1:72 அளவிலும் வைத்து முதலில் காகிதத்தில் வரைந்து பார்க்கிறேன். வார்னிஷ் பற்றி மட்டும் விடை கிடைக்கவில்லை.

ஓட்டுக்கூரை:

மன்னிக்கவும், அது விட்டுப்போயிற்று. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது மேட் (பளபளப்பற்ற) வார்னிஷை ஸ்ப்ரேயாக அடித்தால் வெண்புகை படிந்ததைப் போல மேற்பரப்பு வெளுத்துவிடும்; உங்கள் கரும்பச்சையில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். மழை நாளையும் விடியற்காலையையும் தவிர்த்து, வெயில் ஏறிய பின், நிழலான திறந்த வெளியில், ஒரே அடியாக நனைக்காமல் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் வேண்டாம். நீர் கலந்து தூரிகையால் பூசக்கூடிய அக்ரிலிக் மேட் வார்னிஷே நம் கடற்கரை ஊர்களுக்கு ஏற்றது. புட்டியை நன்றாகக் குலுக்காமல் பூசினால் மேட் தன்மை தரும் துகள் அடியிலேயே தங்கி, பூச்சு பளபளத்துவிடும். விளையாட்டில் கைபடும் உலோக உருவங்களுக்கு முதலில் ஒரு பளபளப்பு வார்னிஷ் பூச்சு கொடுத்து, அது நன்கு காய்ந்த பின் மேட் வார்னிஷ் பூசுங்கள். பளபளப்பு வார்னிஷ் பொதுவாகக் கடினமானது, துப்பாக்கி முனைகளிலும் ஷாக்கோ தொப்பியின் விளிம்பிலும் வண்ணம் தேயாமல் காக்கும். பண்ணைக்கு ஒரே ஒரு மேட் பூச்சு போதும், கூரை ஓடுகளுக்கு அதுவும் கட்டாயமில்லை.

ஈயப்படை:

பொருத்தமான செய்தி ஒன்று. இதே போர்க்களத்தைப் பெரிய மாதிரியாகச் செய்து 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்த வில்லியம் சைபோர்ன் என்ற படை அதிகாரி, நிலத்தை அளப்பதற்காகப் பல மாதங்கள் இந்த லா ஹே சேந்த் பண்ணையிலேயே தங்கியிருந்தார். ஒன்பது அடி நிலத்துக்கு ஓர் அங்குலம், அதாவது 1:108, என்பது அவருடைய அளவு. அதில் 70,000-க்கும் மேற்பட்ட சிறு உருவங்கள் இருக்கின்றன. அந்த மாதிரி இப்போது லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் படங்களைத் தேடி, பண்ணையின் சுற்றுமதில் சாலையை எப்படி ஒட்டி நிற்கிறது என்று பார்த்துவிட்டு உங்கள் காகித வரைபடத்தைத் தொடங்குங்கள்.