கோப்பு மேலாளரை நாள் முழுக்க அட்மினாக ஓட்டுவது சரியா?

அச்சுக்கூடம்:
சிவகாசியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஐந்து கணினி, எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. ஆடிப்பெருக்குக்குள் காலண்டர் ஆல்பம் வேலை முடிந்தாக வேண்டும். பார்ட்டிகள் பென் டிரைவில் ஆளுக்கொரு ஃபாண்ட், ஆளுக்கொரு லோகோ என்று கொண்டுவருகிறார்கள். ஃபாண்டை எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்றால் திரை இருட்டாகி அனுமதி கேட்கிறது. லேஅவுட் மென்பொருளின் டெம்ப்ளேட் ஃபோல்டர் ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் இருக்கிறது. அதில் ஒரு ஃபைலை மாற்றினால் கேட்கிறது, பெயரை மாற்றினால் கேட்கிறது, அழித்தால் மறுபடி கேட்கிறது. நேற்று மதியத்துக்குள் முப்பது தடவையாவது யெஸ் அழுத்தியிருப்பேன்.

இதற்கு ஒரு வழி செய்தேன். நான் பயன்படுத்தும் இரட்டைப் பலகைக் கோப்பு மேலாளரின் (இரண்டு ஃபோல்டர்களைப் பக்கம் பக்கமாகக் காட்டும் நிரல்) ஷார்ட்கட்டில் ப்ராப்பர்ட்டீஸ் போய், 'இந்த நிரலை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன், அதாவது கணினியில் எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு அது ஓடும். காலையில் ஒரே ஒரு கேள்வி, அப்புறம் இரவு வரை நிம்மதி. இது தவறு என்று தம்பி ஒருவர் சொல்கிறார். கணினி என்னுடையது, ஃபைலும் என்னுடையது. என்ன தவறு?

ஆய்வகச்செல்வி:
அண்ணா, கல்லூரி ஆய்வகத்தில் அறுபது கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் தம்பி சொன்னதுதான் சரி.

நீங்கள் அனுமதி கொடுத்தது கோப்பு மேலாளர் ஒன்றுக்கு என்று நினைக்கிறீர்கள். அதிலிருந்து திறக்கிற ஒவ்வொன்றுக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறீர்கள். அட்மின் கணக்கில் நுழையும்போது விண்டோஸ் இரண்டு டோக்கன்களை, அதாவது அனுமதிச் சீட்டுகளைத் தயார் செய்கிறது: ஒன்று சாதாரணப் பயனருக்கானது, இன்னொன்று முழு அதிகாரம் கொண்டது. எல்லா நிரல்களும் முதல் டோக்கனோடுதான் ஓடும். நீங்கள் யெஸ் அழுத்தினால்தான் அந்த ஒரு நிரலுக்கு இரண்டாவது டோக்கன் கிடைக்கும். ஆனால் ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கினால், தன் டோக்கனை அதற்கும் கொடுத்துவிடும். முழு அதிகாரத்தோடு ஓடும் மேலாளரில் ஒரு பிடிஎஃப்பை டபுள் கிளிக் செய்தால், அதைத் திறக்கிற நிரலும் பொதுவாக முழு அதிகாரத்தோடுதான் எழும்.

பென் டிரைவ் என்று நீங்களே சொன்னீர்கள். ஷார்ட்கட் வைரஸ் பார்த்திருப்பீர்கள். பென் டிரைவைச் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்கள் வரிசையாக நிற்கும். படம் மஞ்சள் ஃபோல்டர் படம்தான், மூலையில் மட்டும் ஒரு சின்ன அம்புக்குறி. அவசரத்தில் அதை யார் கவனிக்கிறார்கள்? சாதாரணமாக அதைத் திறந்தால் உங்கள் கணக்கின் ஃபைல்கள் கெடும். அதுவே பெரிய நஷ்டம். அட்மின் மேலாளரில் திறந்தால் அது விண்டோஸுக்குள்ளேயே போய் சர்வீஸாக (பின்னணியில் தானாக ஓடும் நிரலாக) உட்கார்ந்துகொள்ளும். எந்தக் கேள்வியும் வராது, ஏனென்றால் அதற்கான பதிலைக் காலையிலேயே சொல்லிவிட்டீர்கள்.

பழையவட்டு:
நான் அச்சுக்கூடம் பக்கம். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல் மீட்டுக் கொடுப்பது என் தொழில். கெட்டுப்போன கணினியின் டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டுவேன். உள்ளே யூசர்ஸ் ஃபோல்டரில் பழைய உரிமையாளரின் பெயரைத் திறந்தால், விண்டோஸின் சொந்த எக்ஸ்ப்ளோரர் 'உங்களுக்கு அனுமதி இல்லை, நிரந்தர அனுமதி பெற கன்டினியூ அழுத்தவும்' என்கிறது. அந்த 'நிரந்தர' என்ற சொல்லை யாரும் படிப்பதில்லை. அழுத்தியதும் அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் என் கணக்கை எழுதிவிடுகிறது. வேலை முடிந்து டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அந்த வரி அதிலேயே இருக்கும். வாடிக்கையாளரின் டிஸ்க்கில் இப்படி ஒரு மாற்றம் செய்ய எனக்கு என்ன உரிமை?

அட்மினாக ஓடும் கோப்பு மேலாளரில் இந்தச் சிக்கல் இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கு ஏற்கெனவே இருக்கிற அனுமதியை வைத்தே திறந்து படித்துவிடும், எதையும் மாற்றாது. சில வேலைக்கு மேலாளரையே அட்மினாக ஓட்டுவதுதான் சுத்தமான வழி. எக்ஸ்ப்ளோரரை அப்படி ஓட்டுவதும் எளிதல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்ப்ளோரரிடமே வேலையை ஒப்படைத்துவிடும்.

ஆய்வகச்செல்வி:
பழையவட்டு சார், இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். கன்டினியூ பட்டனைப் பற்றி நீங்கள் சொன்னதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நீங்கள் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக அட்மினாகத் திறந்து, முடித்து, மூடுகிறீர்கள். அண்ணன் கேட்பது காலையிலிருந்து இரவு வரை. இரண்டும் ஒன்றல்ல.

அச்சுக்கூடம்:
சரி, பென் டிரைவ் விஷயம் உறைக்கிறது. ஆனால் ஒன்று சொல்லுங்கள். முப்பது தடவை கேட்டால் முப்பதாவது தடவை நான் படிக்கிறேனா? கை தானாக யெஸ்ஸுக்குப் போகிறது. கடையில் இருக்கும் பையன்கள் திரை இருட்டானதுமே அழுத்திவிடுகிறார்கள், என்ன கேட்டது என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள். யாரும் படிக்காத கேள்வி என்ன பாதுகாப்பு தரும்? அந்த நேரத்தில் வைரஸே கேட்டிருந்தாலும் அதற்கும் யெஸ்தான். ஒரு தடவை கேட்டால் அந்த ஒரு தடவையாவது படிப்பேன்.

ஆய்வகச்செல்வி:
இந்த விவாதத்திலேயே வலுவான கேள்வி இதுதான், தட்டிக்கழிக்க முடியாது. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது உலகம் முழுக்க இதைத்தான் சொன்னார்கள். அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியில் வீட்டுக் கணினி வைத்திருந்த அநேகமாக எல்லோரும் நாள் முழுக்க முழு அட்மின்தான். திடீரென்று எல்லாவற்றுக்கும் கேள்வி வந்தது. 2009இல் விண்டோஸ் 7இல் நான்கு நிலை கொண்ட ஸ்லைடரைக் கொடுத்து, விண்டோஸின் சொந்த அமைப்புகளை நாமே மாற்றும்போது வருகிற கேள்விகளைக் குறைத்தார்கள்.

நான் சொல்வது இது: கேள்வி அடிக்கடி வருகிறது என்றால் ஃபைல் தப்பான இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டரும் ப்ரோக்ராம் ஃபைல்ஸும் தினசரி வேலைக்கான இடமே இல்லை. உங்கள் டெம்ப்ளேட்களை டி டிரைவுக்கு நகர்த்தி, மென்பொருளின் செட்டிங்ஸில் அந்தப் பாதையைக் கொடுங்கள். ஃபாண்டுக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து ரைட் கிளிக் மெனுவில் இரண்டு வரி வரும். கேடயப் படம் உள்ள வரி எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுவது. வெறும் 'இன்ஸ்டால்' என்ற வரி உங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவும், அனுமதியே கேட்காது.

அச்சுக்கூடம்:
அந்த வெறும் இன்ஸ்டாலைத்தான் முதலில் செய்தேன் தங்கச்சி. எங்களிடம் உள்ள பழைய லேஅவுட் மென்பொருளின் பட்டியலில் அந்த ஃபாண்ட் வரவே இல்லை. எல்லாப் பயனர்களுக்கும் என்று போட்ட பிறகுதான் வந்தது. அதனால்தான் இந்தப் பாடு.

ஆய்வகச்செல்வி:
புரிகிறது. விண்டோஸ் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் பார்க்கிற பழைய மென்பொருள்களில் அப்படித்தான் ஆகும். அந்த மென்பொருளில் போகிற வேலைக்கு மட்டும் கேடய வரியை அழுத்துங்கள். மற்றவற்றுக்கு வெறும் இன்ஸ்டால் போதும்.

கணக்குப்பிள்ளை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இதே டிக்கைப் போட்டு நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு மொத்தவியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அங்கே ஒரு பழைய பில் போடும் மென்பொருள். தன் டேட்டா ஃபைலை ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் தன் ஃபோல்டரிலேயே வைத்திருப்பதாக எல்லோரும் நம்பினோம். வாரம் ஒருமுறை அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி எடுத்து பீரோவில் வைப்பேன். மூன்று வருடம் ஒழுங்காகச் செய்தேன்.

ஒருநாள் அனுமதித் தொல்லை தாங்காமல் கோப்பு மேலாளரை அட்மினாக்கி, அதிலிருந்தே பில் மென்பொருளைத் திறந்தேன். திரையில் பில் எண் 1. வாடிக்கையாளர் பட்டியல் காலி. ஸ்டாக் காலி. முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுவிட்டது. பீரோவில் இருந்த காப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். அவற்றிலும் பில் எண் 1தான்.

தெரிந்த பையன் ஒருவர் வந்து கண்டுபிடித்தார். பழைய 32 பிட் நிரல் ப்ரோக்ராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுக்காமல் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடுமாம். பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டர். மூன்று வருடக் கணக்கும் அங்கே பத்திரமாக இருந்தது. அட்மினாக ஓடும்போது இந்தத் திருப்பிவிடுதல் இல்லை. அதனால் மென்பொருள் நிறுவியபோது வந்த காலி ஃபைலைத் திறந்து காட்டியிருக்கிறது. நான் வாராவாரம் காப்பி எடுத்ததும் அந்தக் காலி ஃபைலைத்தான்.

அச்சுக்கூடம் அண்ணே, உங்கள் பழைய மென்பொருளின் வர்ச்சுவல்ஸ்டோரில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

நிரல்நெசவு:
நான் மென்பொருள் எழுதுபவன். பயனர் மேலும் விண்டோஸ் மேலும் பழி போடுகிறோம், என் போன்றவர்கள் மேல் யாரும் போடவில்லை. முப்பது கேள்விகளில் பெரும்பாலானவை நிரல் எழுதியவரின் சோம்பலால் வருபவை.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் அதிகாரத்தை நடுவில் உயர்த்த முடியாது. தொடங்கும்போது கிடைத்த டோக்கன்தான் கடைசிவரை. அதனால் நல்ல கோப்பு மேலாளர் சாதாரண அதிகாரத்தோடு ஓடும், தேவை வரும்போது மட்டும் தனியாக ஒரு சிறு உதவி நிரலை அட்மினாக எழுப்பி அந்த வேலையை அதனிடம் கொடுக்கும். டோட்டல் கமாண்டர் என்ற கோப்பு மேலாளர் செய்வது இதைத்தான். இருநூறு ஃபைலை நகர்த்தினாலும் ஒரே தடவை கேட்டு, மொத்தத்தையும் உதவி நிரலிடம் தர முடியும். மோசமான நிரல் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக எழுப்பும். இன்னும் மோசமானது மேனிஃபெஸ்ட்டில் (நிரலோடு வரும் விவரக் குறிப்பில்) 'அட்மின் கட்டாயம்' என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும்.

லினக்ஸில் அட்மின் அதிகாரம் தரும் சூடோ கட்டளை ஒருமுறை கடவுச்சொல் கேட்டால் சில நிமிடங்களுக்கு நினைவில் வைத்திருக்கும். விண்டோஸ் அப்படிச் செய்யாததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்தச் சில நிமிடங்களில் உங்கள் கணக்கில் ஓடும் வேறொரு நிரல் அதைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது அல்லவா? திரை இருட்டாவதும் இதற்காகத்தான். அது தனியான டெஸ்க்டாப், மற்ற நிரல்களால் அங்கே வந்து யெஸ்ஸை அழுத்த முடியாது.

பையன்களுக்கு இதை மட்டும் பழக்குங்கள். பெட்டியின் மேல்பட்டை நீலமாக இருந்தால் கையெழுத்திட்ட நிறுவனம் யார் என்று தெரியும், அந்தப் பெயரைப் படிக்கலாம். மஞ்சளாக இருந்தால் யார் வெளியிட்டது என்று விண்டோஸுக்கே தெரியவில்லை. மஞ்சள் வந்தால் கையை எடுத்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பழையவட்டு:
நிரல்நெசவு, உதவி நிரல் முறை நல்லதுதான். ஆனால் என் வேலை காப்பி எடுப்பது மட்டுமல்ல, முதலில் பார்ப்பது. எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று நூறு இடம் துழாவ வேண்டும். நான் என் மேசையில் அட்மினாகத்தான் ஓட்டுவேன். அந்தக் கணினிக்கு இணைய இணைப்பு கிடையாது, அதில் எந்த ஃபைலையும் நான் டபுள் கிளிக் செய்வதும் கிடையாது.

அச்சுக்கூடம்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். டிக் போட்ட கணினியில் இன்னொன்றும் நடந்தது. சர்வரிலிருந்து இணைத்திருந்த இசட் டிரைவ் அந்த மேலாளரில் காணவில்லை. எக்ஸ்ப்ளோரரில் இருக்கிறது, இதில் இல்லை. டெஸ்க்டாப்பிலிருந்து படத்தை இழுத்துவந்து போட்டாலும் ஏற்கவில்லை. சர்வர் போய்விட்டது என்று ஒரு மணி நேரம் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம்.

நிரல்நெசவு:
இரண்டும் அந்த டிக்கால்தான் அண்ணே. நெட்வொர்க் டிரைவ்கள் சாதாரண டோக்கனின் அமர்வில் இணைக்கப்பட்டவை, முழு அதிகார அமர்வுக்கு அவை தெரியாது. குறைந்த அதிகாரத்தில் ஓடும் நிரல் உயர்ந்த அதிகாரத்தில் ஓடும் நிரலின் ஜன்னலுக்குள் எதையும் தள்ளிவிடாதபடி விண்டோஸ் தடுக்கிறது, அதனால் இழுத்துப் போடுவதும் நிற்கிறது. விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு மதிப்பை மாற்றி டிரைவை வரவழைக்கலாம். நான் செய்ய மாட்டேன்.

அச்சுக்கூடம்:
டிக்கை எடுத்துவிட்டேன். டெம்ப்ளேட் எல்லாம் டி டிரைவுக்குப் போய்விட்டது. வர்ச்சுவல்ஸ்டோரில் லேஅவுட் மென்பொருளின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே நாங்கள் தொலைந்துபோனதாக நினைத்த 2019ஆம் வருடக் காலண்டர் செட்டிங்ஸ். கணக்குப்பிள்ளைக்கு நன்றி. இன்றைக்கு மாலை வரை நான்கு தடவை கேட்டது, நான்கும் பழைய மென்பொருளின் ஃபாண்டுக்காக. பழையவட்டு சொன்னது போல, அட்மினாகத் திறக்க ஒரு தனி ஷார்ட்கட்டும் வைத்திருக்கிறேன், அது என் மேசையில் மட்டும்.

பையன்களின் கணக்கைச் சாதாரணப் பயனராக மாற்றலாமா என்று யோசிக்கிறேன். அப்போது யெஸ் போதாது, கடவுச்சொல் கேட்கும். ஒவ்வொரு ஃபாண்டுக்கும் நான் எழுந்துபோக வேண்டும்.

ஆய்வகச்செல்வி:
மாற்றுங்கள் அண்ணா. எழுந்துபோவதைக் குறைக்க, வருகிற ஃபாண்டுகளை ஒரே ஃபோல்டரில் சேர்த்துவைக்கச் சொல்லி, காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை நீங்களே போடுங்கள். பென் டிரைவைத் திறப்பதும் அந்தச் சாதாரணக் கணக்கில்தான் நடக்க வேண்டும்.