யாருக்கு எது என்று தெரிந்த மருந்தாளர், ஊருக்குள் எப்படி இருப்பது?

கேள்வி: பரந்தன் பிள்ளை

வணக்கம். நான் வன்னியில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளர். ஏழு மாதமாக இங்கே ஒரு மருந்து ஆய்வு நடக்கிறது. அந்த மருந்து இலேசான மஞ்சள் நிறம், ஒப்பிட்டுப் பார்க்க மற்றவர்களுக்கு ஏற்றுகிற மருந்தில்லாத பிளசீபோ வெறும் சேலைன். டொக்டர், தாதி, நோயாளி ஒருவருக்கும் எது என்று தெரியக்கூடாது என்பதால் நான் தனி அறையில் கணினி தருகிற குறியீட்டைப் பார்த்துக் கலந்து, பையையும் குழாயையும் நிறம் தெரியாத உறையால் மூடி வார்டுக்கு அனுப்புகிறேன். இங்கே யாருக்கு எது போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

வேலையில் சிக்கல் இல்லை, சிக்கல் ஊருக்குள்தான். ஆய்வில் சேர்ந்த ஒரு மாமி எங்களுக்கு நாலு வளவு தள்ளி இருக்கிறா. இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே தறப்பாளுக்குக் கீழே கிடந்த சனம் நாங்கள். புளியம்பொக்கணைப் பொங்கலன்று என் கையைப் பிடித்து, "பிள்ளை, எனக்கு ஏத்துறது மருந்தோ, சும்மா சேலைனோ? உனக்குத் தெரியும்தானே" என்று கேட்டா. "தெரியாது மாமி" என்றேன். பொய். அன்றிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை. வேறு யாராவது இப்படி மாட்டியிருக்கிறீர்களா, என்ன சொன்னீர்கள்?

பதில்: பழைய மருந்தாளர்

தங்கச்சி, "தெரியாது" என்ற சொல்லை இனிப் பாவிக்காதீர்கள். "ஆய்வு முடியும்வரை நான் ஒருவருக்கும் சொல்ல ஏலாது" என்று சொன்னால் அது உண்மையும்தான், குறியீடும் வெளியே போகாது. அதோடு மாமிக்குத் தெரியவேண்டிய இரண்டு விஷயம் இருக்கு: சேலைன் கிடைக்கிறவருக்கும் வழக்கமான சிகிச்சை குறையாமல் நடக்கும், ஏதும் ஆபத்து என்றால் ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டர் நடுச்சாமத்திலும் குறியீட்டைத் திறந்து பார்க்கலாம். திறப்பதா இல்லையா என்ற முடிவு டொக்டருடையது, அந்தச் சுமையை நீங்கள் தூக்க வேண்டாம்.

ஆனால் எனக்கு வாயைவிட முகத்தைத்தான் பயம். தெரிந்த மனுசி, போகிறது சேலைன்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், வார்டில் கண்டு ஒரு கணம் முகம் வாடினாலும் அவ கண்டுபிடிச்சிடுவா. அதனால் இந்த உறவைப் பொறுப்பான டொக்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பயிற்சி பெற்ற இன்னொரு மருந்தாளரைப் பொறுப்புப் பட்டியலில் சேர்த்து, மாமியின் பையை அவர் கலக்கட்டும். ஆய்வு நோயாளிகள் வருகிற நாளில் நீங்கள் வார்டுப் பக்கம் போகவே வேண்டாம். வெறும் மருந்துக் குப்பிகளைப் பொதுக் குப்பையில் போடாதீர்கள், எண்ணிப் பூட்டி வையுங்கள். இருப்புக் கணக்குப் புத்தகமும் பூட்டுக்குள்தான், அதை மேசையில் விட்டால் ஒரு கெட்டிக்காரத் தாதிக்கு ஐந்து நிமிடம் போதும்.

பதில்: மாங்குளம் மகன்

நான் மருத்துவத்துறை இல்லை. என் அப்பாவை ஒரு ஆய்வுக்குக் கேட்டபோது தமிழ்ப் படிவத்தில் பிளசீபோவுக்கு "போலி மருந்து" என்று இருந்தது. எங்கட சனத்துக்குப் போலி என்றால் கள்ளச் சாமான். அப்பா கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, எங்களை வைத்துப் பரிசோதிக்கிறாங்கள் என்று ஒரு கிழமை பேசிக்கொண்டே இருந்தார், பிறகு விலகிவிட்டார். விலகுவது அவருடைய உரிமை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "மருந்து சேராத சேலைன்" என்று எழுதியிருந்தால் அவர் இருந்திருப்பார். படிவத்தில் ஒரு சொல்லை மாற்றவும் நெறிமுறைக் குழு திரும்பவும் அனுமதிக்க வேண்டுமாம். கேட்டு மாற்றுங்கள், தயவுசெய்து.

பதில்: வார்டு டொக்டர்

ஏன் இவ்வளவு மூடி மறைக்க வேண்டும் என்று மாமி கேட்டால் பாம்புக்கடியைச் சொல்லுங்கள், இங்கே எல்லோருக்கும் விளங்கும். புடையன் கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது பலருக்கு உடம்பு தடித்து, மூச்சு முட்டி, பிரஷர் விழும். அதைத் தடுக்க ஒரு டொக்டர் ஹைட்ரோகோர்ட்டிசோன் போடுவார், இன்னொருவர் புரோமெதசின், அவரவருக்கு அவரவர் வழக்கத்தில் நம்பிக்கை. இலங்கையில் 1,007 பேரிடம் யாருக்கு எது என்று தெரியாமல் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே போட்ட சிறிதளவு அட்ரினலின் கடுமையான ஒவ்வாமையை 48 மணித்தியாலத்துக்குள் 38 சதவீதம் குறைத்தது. மற்ற இரண்டும் உதவவில்லை. வார்டில் எங்களுக்கு முதலே தெரிந்திருந்தால், நாங்கள் நம்பின மருந்து போட்டவருக்கு வந்த ஒவ்வாமையை "சின்ன அரிப்புத்தான்" என்று எழுதியிருப்போம், மனசாரத்தான் எழுதியிருப்போம்.

பதில்: பரந்தன் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. பொறுப்பான டொக்டரிடம் சொல்லிவிட்டேன், அவர் கோபிக்கவில்லை. அடுத்த முறையிலிருந்து மாமியின் பையை மற்ற மருந்தாளர் கலப்பார். படிவச் சொல்லைப் பற்றியும் குழுவுக்கு எழுதப் போகிறோம்.

நேற்றுப் பின்னேரம் மாமி வீட்டுக்குப் போய், "அண்டைக்கு நான் சொன்னது பொய், ஆனா ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஏதும் எண்டால் டொக்டர் பாப்பாரோ?" என்று மட்டும் கேட்டா. படிவத்தில் இருக்கிற அவசர நம்பரை அவவின் போனில் போட்டு, ஒருக்கால் அடிச்சும் காட்டினேன்.